பழைய கார் ஸ்டார்ட் ஆகலையா, பெட்ரோல் வாடை வருதா? கார்புரேட்டர் ‘ஓவர்ஃப்ளோ’ ஏன், என்ன செய்யணும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. வாரம் முழுக்க கவர் போட்டு நிறுத்திய பிரீமியர் பத்மினியை ஒரு ரவுண்டு எடுக்கலாம் என்று சாவியைத் திருப்பினால், செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கல. ஆக்ஸிலரேட்டரை நாலு மிதி மிதித்ததும் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. “கார்புரேட்டர் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்” என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். பல நேரங்களில் கோளாறு, விரல் நுனி அளவே உள்ள ஓர் ஊசி வால்வில்தான் இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

மொட்டை மாடி தண்ணீர் டேங்கில் பந்து வால்வு பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் பந்து மிதந்து குழாயை அடைக்கும். கார்புரேட்டரிலும் அதே கதைதான். சிறிய கிண்ணத்தில் ஒரு மிதவை, அதாவது ஃப்ளோட். பெட்ரோல் அளவு ஏறியதும் அது ஊசி வால்வைத் தள்ளி வழியை மூடும். வால்வு சரியாக மூடவில்லை என்றால் பெட்ரோல் வழிந்து இன்ஜினுக்குள்ளும் வெளியேயும் போகும்.

முதல் வேலை: பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது; தரையோடு பரவும். அம்பாசிடரில் கார்புரேட்டரும் சூடான எக்ஸாஸ்ட் குழாயும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அதனால் ஈரம் கண்டால் இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். வாடை போகும்வரை எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ஆவி கலைந்த பிறகு, கழற்றும் வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சிகரெட், தீப்பெட்டி கிட்டவே வரக்கூடாது. பவுடர் வகை தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நம்ம தப்பா, வால்வு தப்பா?

வெளியே சொட்டு இல்லை, வாடை மட்டும்தான் என்றால், சோக்கை அதிகம் இழுத்ததோ, பெடலை மிதித்துக்கொண்டே இருந்ததோ காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும். சோக்கை உள்ளே தள்ளிவிட்டு 15 நிமிடம் காத்திருங்கள். பிறகு பெடலை ஒரே முறை முழுக்க அழுத்திப் பிடித்தபடி, பம்ப் பண்ணாமல், சில விநாடிகள் செல்ஃப் அடியுங்கள். நிறைய காற்று போய் ஈரம் காயும். அப்பவும் பிடிக்கலையா? ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, காயவைத்து மாட்டுங்கள்.

பெட்ரோல் வெளியே சொட்டினால் பிரச்சினை கிண்ணத்தில்தான்.

வரிசையாகப் பாருங்கள்

* தட்டுங்கள்: ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டுங்கள். ஒழுகல் நின்றால் வால்வில் தூசி சிக்கியிருக்கிறது. கிண்ணத்தைச் சுத்தம் செய்து ஃபில்டரை மாற்றுங்கள்.
* ஊசி: முனையில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஊசியையும் அது உட்காரும் சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சீட்டின் அடியில் உள்ள வாஷர் அதே தடிமனில் இருக்கணும். அது மாறினால் பெட்ரோல் மட்டமும் மாறும்.
* மிதவை: காதருகே குலுக்குங்கள். உள்ளே திரவச் சத்தம் கேட்டால் ஓட்டை. பித்தளை மிதவையை அடுப்பிலிருந்து தள்ளி, சுடுதண்ணீரில் முக்கினால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும்.
* பம்ப்: பழைய மெக்கானிக்கல் பம்ப்புக்குப் பதில் இன்ஜெக்‌ஷன் கார் பம்ப் போட்டிருக்கிறீர்களா? கார்புரேட்டருக்குத் தேவை சுமார் 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம். இன்ஜெக்‌ஷன் பம்ப் 40 பிஎஸ்ஐ-க்கு மேலும் தரும். எவ்வளவு புது வால்வானாலும் தாங்காது.

இ20 பெட்ரோலுக்கும் பங்கு உண்டா?

உண்டு. 20% எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் மென்மையாக்கி ஊதவைக்கலாம். டேங்கில் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடலாம். அந்த அழுக்கு போய் நிற்கும் இடம் ஊசி வால்வு. எத்தனால் தாங்கும் குழாய்கள் கிடைக்கின்றன. ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

இதை மட்டும் மறக்காதீங்க

வழிந்த பெட்ரோல் சிலிண்டர் வழியாக இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, ஆயில் மட்டம் வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ, ஆயில் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைத் தேய்த்துவிடும். சின்ன வால்வுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கப் போய், முழு இன்ஜின் வேலைக்குக் காசு கொடுக்க வேண்டிவரும்.