ஒரே சட்டி, ஆளுக்கொரு கிண்ணம்

கோழி வெந்த சாறு, உதிர்த்த கறி, நூடுல்ஸ். கோழி நூடுல்ஸ் சூப்புக்கு இந்த மூன்றும் போதும். வடசென்னையில் இதிலேயே தேங்காய்ப்பால் ஊற்றிய ஒரு வகை உண்டு, பெயர் கவ்ஸ்வே. பர்மிய மொழியில் கவ்ஸ்வே என்றால் நூடுல்ஸ். 'ஓன்' தேங்காய், 'நோ' பால். சேர்த்துச் சொன்னால் ஓன்னோ கவ்ஸ்வே.

அமெரிக்காவில் கேம்ப்பெல் நிறுவனம் 1934-ல் டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கிய கோழி நூடுல்ஸ் சூப்பில் எல்லாம் கலந்தே வரும். கவ்ஸ்வே அப்படியல்ல. சாறு சட்டியில் கொதித்துக்கொண்டிருக்கும். வெந்த நூடுல்ஸ் தட்டில் இருக்கும். அவித்த முட்டை, வெங்காயம், கொத்தமல்லி, பொரித்த நூடுல்ஸ், மிளகாய்த்தூள், எலுமிச்சை எல்லாம் தனித்தனிக் கிண்ணங்களில் காத்திருக்கும். வேண்டியதை வேண்டிய அளவு போட்டுக்கொள்வது சாப்பிடுபவர் பாடு. "இது வேணாம், அது வேணாம்" என்று அடம்பிடிக்கும் குழந்தை உள்ள வீட்டுக்கு இது தோதான சமையல் என்பதற்கு இந்தத் தனித்தனிக் கிண்ணங்களே காரணம்.

ரங்கூனிலிருந்து வியாசர்பாடிக்கு

1962 மார்ச்சில் பர்மாவில் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையாயின. அதே ஆண்டில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. தலைமுறைகளாக அங்கே பிழைத்த தமிழர்கள் பெருமளவில் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் பர்மா பஜார் வந்தது.

அவர்களோடு வந்த சமையலில் அத்தோதான் ஊரறிந்தது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் ஆவி பறக்கும். மொய்ங்கா என்ற மீன் நூடுல்ஸ் சூப்பும் கவ்ஸ்வேயும் அதே அடுப்படியிலிருந்து வந்தவை. அத்தோவுக்காக வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆனால் அதன் காரமும் புளிப்பும் சின்னக் குழந்தைகளுக்கு ஒத்துவராது. தேங்காய்ப்பால் சேர்ந்து மிதமாக இருக்கும் கவ்ஸ்வே அவர்களுக்கு ஏற்றது.

குழந்தை ஏன் ஒதுக்குகிறது?

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு மிரள்வது குழந்தை வளர்ச்சியில் இயல்பான ஒரு கட்டம். நாக்குக்கு முன்னால் கண்ணும் மூக்கும் தீர்ப்புச் சொல்லிவிடும். இட்லியை ஆவலாகத் தின்னும் பிள்ளை சாம்பாரில் மிதக்கும் கறிவேப்பிலையைக் கண்டதும் தட்டைத் தள்ளுவதற்குக் காரணம் சுவை இல்லை; தெரியாத ஒன்று கலந்திருக்கிறது என்ற சந்தேகம். வழுவழு, நறநற போன்ற பதங்களும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள, எட்டு முதல் பதினைந்து முறை வரைகூட அதைக் கண்ணில் காட்ட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று கைவிடுவதுதான் வீடுகளில் நடக்கிறது. அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த முறை இங்கே உதவும்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் முடிவு செய்கிறார், சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்கிறது. ஊட்டித் திணிப்பதும், "இதை முடிச்சா சாக்லேட்" என்று பேரம் பேசுவதும் வெறுப்பையே வளர்க்கும். சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு டம்ளர் பாலோ பிஸ்கட்டோ கொடுத்துவிட்டால் எந்தச் சூப்பும் எடுபடாது.

சாறு

நான்கு பேருக்கு எலும்போடு அரைக் கிலோ கோழி வேண்டும். நெஞ்சுக்கறியைவிடத் தொடையும் காலும் மேல். எலும்பையும் மூட்டையும் சுற்றியுள்ள கொலாஜன் வெந்து ஜெலட்டினாகக் கரைவதால்தான் சாறு நாக்கில் கனமாக நிற்கிறது. அந்தக் கறியும் வறண்டுபோகாது.

குக்கரில் கறியுடன் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஆறு பல் பூண்டு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி உப்பு. மூடும் முன் ஒரு கொதி வரவிட்டு, மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டால் சாறு தெளிவாக இருக்கும். பிராய்லர் கோழிக்கு மிதமான தீயில் இரண்டு விசில், பிறகு சிறுதீயில் பத்து நிமிடம். நாட்டுக்கோழிக்கு ஐந்தாறு விசிலாவது வேண்டும். ஆவி அடங்கியதும் சாற்றை வடிகட்டி, கறியை எலும்பிலிருந்து நூல் நூலாக உதிர்க்க வேண்டும். குழந்தைக்கான சூப் என்பதால் இந்த வேலையை விரலால்தான் செய்ய வேண்டும். சிறு எலும்புத் துணுக்குகள் கண்ணுக்குத் தப்பினாலும் விரலில் தட்டுப்படும்.

குழம்புப் பதம்

கவ்ஸ்வேயின் கெட்டித்தன்மைக்குக் கடலைமாவு காரணம். மூன்று மேசைக்கரண்டி மாவை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறியபின் அரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவைக்க வேண்டும்.

இரண்டு பெரிய வெங்காயத்தை விழுதாக அரைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்க வேண்டும். அரைப்பதற்குக் காரணம் உண்டு. நறுக்கிய வெங்காயம் சூப்பில் மிதந்தால், அடம்பிடிக்கும் பிள்ளை அதைத்தான் முதலில் தேடி எடுக்கும். நிறத்துக்கு அரைத் தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும். வடித்த சாற்றையும் மாவுக் கரைசலையும் ஊற்றி, கிண்டியபடி பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அவசரப்பட்டால் மாவு வாசனை நின்றுவிடும்.

அரை மூடித் தேங்காயில் முதல் பால் ஒரு டம்ளர், இரண்டாம் பால் ஒரு டம்ளர். இரண்டாம் பாலைச் சாற்றோடு கொதிக்கவிடலாம். முதல் பாலை இறக்கும் நேரத்தில் ஊற்றி, விளிம்பில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். முடிவில் சாறு மோர்க்குழம்பைவிடச் சற்று நீர்த்து, கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாகத் தங்க வேண்டும்.

நூடுல்ஸ்

இருநூறு கிராம் கோதுமை நூடுல்ஸைத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்து, வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். சாற்றிலேயே வேகவைத்தால் மாவுச்சத்து கரைந்து சூப் கஞ்சியாகும். நூடுல்ஸும் சாற்றை உறிஞ்சி ஊதிவிடும். மசாலாப் பாக்கெட்டோடு வரும் நூடுல்ஸ்தான் வீட்டில் இருந்தால், அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காமல் விடலாம்; உப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

நூடுல்ஸுக்குப் பழகாத குழந்தைக்கு இடியாப்பம் நல்ல பாலம். தேங்காய்ப்பாலில் தோய்த்த இடியாப்பம் தமிழ்க் குழந்தைகளுக்குத் தெரிந்த சுவை. அதே பாலில் கோழிச்சாறு சேர்வது ஒரு சின்ன அடிதான். தெரிந்த உணவிலிருந்து ஒரு அடி மட்டும் நகர்த்தி அடுத்ததைக் காட்டுவது, புதிய உணவுகளைப் பழக்கும் வழிகளில் ஒன்று.

படிப்படியாகப் பரிமாறுதல்

முதல் நாள் குழந்தையின் முன் இரண்டு சின்னக் கிண்ணங்கள் போதும். ஒன்றில் வெறும் நூடுல்ஸ், மற்றதில் கால் கிண்ணம் சாறு. முக்கினாலும் சரி, தொடாவிட்டாலும் சரி. சில நாள் கழித்து நூடுல்ஸின் மேல் இரண்டு கரண்டி சாறு. அது பழகியபின் நாலைந்து நூல் கறி. பிறகு முட்டை கால் துண்டு. ஒவ்வொரு முறையும் புதிதாக வருவது ஒரு பொருள்தான். மற்றதெல்லாம் ஏற்கெனவே பழகியது.

ஒரு பிடி நூடுல்ஸை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துக் கிண்ணத்தில் வைத்தால், அதைக் கையால் நொறுக்கித் தூவும் வேலையைப் பிள்ளையிடமே விடலாம். தானே தூவியதைத் தின்ன அதற்குத் தயக்கம் குறையும். அதே மேசையில் பெரியவர்கள் மிளகாய்த்தூளும் பச்சை வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சாப்பிடுவதைப் பார்ப்பதும் ஒரு பாடம்தான். குழந்தைக்கென்று தனிச் சமையல் தேவையில்லை.

கேரட்டையோ பரங்கியையோ வெங்காய விழுதோடு அரைத்துவிட்டால் சத்து உள்ளே போகும். ஆனால் அதனால் பிள்ளைக்குக் காய் பழகாது. அரைத்ததோடு, வெந்த கேரட் ஒரு துண்டு தட்டின் ஓரத்தில் கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால், கறியை உப்பில்லாமல் வேகவைத்து, அதற்கான சாற்றைத் தனியே எடுத்துவைத்த பிறகே மற்றவர்களுக்கான சாற்றில் உப்புப் போடுவது நல்லது. நீள நூடுல்ஸைச் சிறு குழந்தைகளுக்குக் கத்தரியால் நறுக்கிக் கொடுக்கலாம். கோதுமை, முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிசி இடியாப்பம் போட்டு, முட்டையை விட்டுவிட வேண்டும். எடை கூடாமல் நிற்பது, விழுங்கும்போது அடிக்கடி குமட்டுவது, ஒரு வகை உணவையே முழுதாக ஒதுக்குவது போன்றவை சாதாரண அடம் அல்ல; குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள்.

சென்னை வெயிலில் தேங்காய்ப்பால் சேர்த்த சாறு சீக்கிரம் கெடும். ஊற்றிய அன்றே தீர்த்துவிட வேண்டும். பால் சேர்க்காத கோழிச்சாறு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் நிற்கும். வேண்டிய அளவை எடுத்து நன்றாகக் கொதிக்கவைத்து, தேங்காய்ப்பாலை அப்போதைக்கப்போது பிழிந்து ஊற்றிக்கொள்ளலாம்.