ஆற்றின் இரு கரைகளிலும் ஒரே கொசு

கொசுவுக்குச் சாதியும் தெரியாது, வர்க்கமும் தெரியாது என்பார்கள். கொசுவைப் பொறுத்தவரை அது சரி. நோய் யாரைத் தாக்கும் என்பதைக் கொசு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லாரெடோ நகரம். ரியோ கிராண்டே ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோவின் நுவெவோ லாரெடோ. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, 1999இல் நடந்த ஆய்வின்படி, அமெரிக்கக் கரையில்தான் மிகுதி. ஆனால் அண்மையில் தொற்றுக்கு ஆளாகியிருந்தோர் அங்கு 1.3 விழுக்காடு, மெக்சிகோக் கரையில் 16 விழுக்காடு. தட்பவெப்பமும் ஒன்று, கொசுவும் ஒன்று, வீடுதான் வேறு. குளிர்சாதனம் ஓடும் வீட்டின் மூடிய சன்னல் கொசுவை வெளியே நிறுத்திவிடுகிறது.

நம் ஊரிலும் இதே கொசுதான். அது சாக்கடையை நாடுவதில்லை. தேக்கிவைத்த நல்ல நீரை நாடுகிறது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள், நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். அப்படியானால் நீரைத் தேக்குவோர் யார்? நாள்தோறும் குழாயில் நீர் வரும் தெருவில் பிளாஸ்டிக் டிரம்முக்கு வேலையில்லை. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்ட மக்கள், அவர்களுள் தலித்துகள் பெருமளவினர், பல ஆண்டுகள் லாரித் தண்ணீரை எதிர்பார்த்தே வாழ்ந்தனர். டிரம் அங்கே அலட்சியத்தின் அடையாளமன்று; குழாய் வராததன் விளைவு.

2017இல் டெங்கு பரவியபோது, கொசுப்புழு காணப்பட்ட வீடுகளுக்கு உள்ளாட்சி அமைப்புகள் அபராதம் விதித்தன. நீர் வழங்காத நிர்வாகத்துக்கு அபராதம் விதிப்பது யார்?

நோய் வந்த பிறகும் ஏற்றத்தாழ்வு தொடர்கிறது. டெங்குவில் பேராபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அன்று. அது தணியும் வேளையில், அடுத்த ஓரிரு நாளில் வருகிறது. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு ஆகியவை அப்போதுதான் தலைகாட்டும். மாதச் சம்பளக்காரர் அந்நாள்களில் விடுப்பில் இருப்பார். காய்ச்சல் விட்டதென நம்பும் தினக்கூலித் தொழிலாளியோ, இழந்த கூலியை எண்ணி அன்றே வேலைக்குக் கிளம்புவார்.

இவற்றில் எதுவும் அரசுக் கணக்கில் தெரிவதில்லை. ஒன்றிய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் டெங்குப் பட்டியல், மாநிலவாரியாகப் பாதிப்பையும் இறப்பையும் மட்டுமே சொல்கிறது. சாதி, தொழில், குடிநீர் வழங்கல் ஆகியவற்றோடு சேர்த்து வார்டுவாரியாக அதைக் கேட்டுப் பெறுவதே நமது முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.