குருவி உண்ணும் தோரணம்

மாவிலைத் தோரணம் வாடிய பின் மாற்றப்படும். நெற்கதிர்த் தோரணமோ வாடுமுன்பே குறையத் தொடங்கிவிடும். அது குறையவேண்டும் என்பதற்காகவே முன்னோர் அதைக் கட்டினர். நெல் விளையும் ஊர்களில், ஓட்டு வீட்டுத் தாழ்வாரங்களிலும் கோயில் மண்டப முகப்புகளிலும் புதுநெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னித் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. சிட்டுக்குருவிகள் அதில் தலைகீழாகத் தொங்கி நெல்லைக் கொத்தும்; உமி திண்ணையெல்லாம் உதிரும். வாசல் பெருக்குபவர் முணுமுணுப்பார். ஆயினும் குஞ்சத்தை அவிழ்க்கமாட்டார்.

பொங்கல் விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வீடு வந்து சேரும் நாட்களில், அவர்களுடைய கைகளுக்கு இதைவிட நல்ல வேலை வேறொன்று இல்லை. கடையில் வாங்கும் காகிதத் தோரணம் பண்டிகை முடிந்ததும் குப்பைக்குப் போகிறது. இந்தத் தோரணத்திற்கோ விருந்தினர் உண்டு.

இல்லறத்தான் நாள்தோறும் செய்யவேண்டியவை எனச் சாத்திரங்கள் கூறும் ஐந்து வேள்விகளுள் பூத யக்ஞம் ஒன்று. பிற உயிர்களுக்கு உணவிடுவதே அது. அரிசி மாவில் கோலமிட்டது எறும்புக்காக என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கல்மாவு வந்தபின் எறும்பு ஏமாந்துபோனதும் அவர்கள் அறிந்ததே.

கதிருக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு இன்றும் அறுபடாமல் நிற்குமிடம் தென்கோடி. சுசீந்திரம், கன்னியாகுமரி பகவதியம்மன் முதலிய குமரி மாவட்டக் கோயில்களிலும், சபரிமலை உள்ளிட்ட கேரளக் கோயில்களிலும் ‘நிறை புத்தரிசி’ என்னும் வழிபாடு நடைபெறுகிறது. புதுநெற்கதிர்க் கட்டுகளைச் சன்னிதியில் சமர்ப்பித்துப் பூசித்தபின், அவற்றை அன்பர்களுக்குப் பிரசாதமாக வழங்குவர். வாங்கிச் செல்பவர்கள் தங்கள் வீட்டு வாசலில் அதைக் கட்டுவர். அவ்வாண்டு முழுவதும் வீட்டில் நெல் குறையாது என்பது நம்பிக்கை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலும் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் விழா எடுக்கப்படுகிறது. சத்தீஸ்கரில் தீபாவளியை ஒட்டி நெற்கதிர்களைச் சரமாகப் பின்னி வாசலில் தொங்கவிடுகின்றனர். அதைப் பறவைகளுக்கென்றே செய்கின்றனர்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. காட்பாடிக்கு அருகிலுள்ள வள்ளிமலையில் வள்ளியம்மை பரண் மீதேறிக் கவண் வீசித் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டினாள் என்பது எல்லோரும் அறிந்த வரலாறு. வயலில் விரட்டுவது உழவரின் கடமை. விளைச்சல் வீடு வந்து சேர்ந்தபின், விரட்டப்பட்ட அதே பறவையை வாசலுக்கு அழைத்து அதன் பங்கைக் கொடுப்பதும் அவருடைய கடமையே. இவ்விரண்டையும் முரண்பாடு என்று அவர் கருதவில்லை. பேரக்குழந்தை இதைப் பற்றிக் கேள்வி கேட்டால், வள்ளி கதையையே விடையாகச் சொல்லலாம்.

பின்னும் முறை கடினமன்று. நெல்மணி முற்றி, தாள் இன்னும் முழுவதும் காய்ந்துவிடாத பருவத்தில் கதிர்களை அறுக்கவேண்டும். நன்கு காய்ந்த தாள் மடக்கும்போதே ஒடியும், மணியும் உதிரும். கதிருக்குக் கீழே ஒரு முழத் தாளாவது இருப்பது நல்லது. தோகையை உரித்துவிட்டு, தாள்களை மட்டும் ஈரத்துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் அவை துவண்டு கொடுக்கும். கதிரில் ஈரம் படக்கூடாது. நெல் பூசணம் பிடிக்கும்.

பிறகு ஒன்பது தாள்களை எடுத்துத் தலைப்பில் வாழைநாரால் கட்டி, மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். இனி நடப்பது சடை பின்னுவதுதான். ஓரத்துப் பிரி நடுவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கதிரைச் சேர்த்து, அதன் தாளைப் பிரியோடு ஒன்றாக்கிப் பின்னவேண்டும். கதிர்த் தலைகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கீழே தொங்கவேண்டும். இரண்டு முழம் வந்ததும் நாரால் இறுக்கி முடிந்து, நீட்டிக்கொண்டிருக்கும் தாள்களை நறுக்கிவிட்டால் தோரணம் தயார். பூத்தொடுக்கவும் சடை பின்னவும் பழகிய பாட்டியின் விரல்கள் முதல் அரை முழத்திலேயே இதைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து வயதுக் குழந்தை கதிர்களைத் தரம் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கலாம். பத்து வயதுக் குழந்தை தானே பின்னலாம். பின்னல் கோணலாக வந்தால் குருவி குறை சொல்லாது.

நைலான் கயிறு, தையல் நூல், கம்பி ஆகியவற்றை அறவே தவிர்க்கவேண்டும். பறவையின் காலில் நூல் சுற்றிக்கொண்டால் விரல் அழுகிப்போகும். சில வேளை உயிரும் போகும். வாழைநாரும் தென்னங்கயிறும் போதும். கடைகளில் சாயமேற்றி மெருகெண்ணெய் பூசிய கதிர்க்கொத்துகள் கிடைக்கின்றன. அவை கண்ணுக்கு அழகு, ஆனால் உணவாகாது. விதைநெல்லையும் இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அதில் பெரும்பாலும் மருந்து கலந்திருக்கும். பூனை தாவ முடியாத உயரத்தில், மின்விசிறிக்கும் கண்ணாடிச் சன்னலுக்கும் எட்டத்தில், மழைச்சாரல் படாத இடத்தில் தொங்கவிடவேண்டும். அணில் வந்து பங்கு கேட்டால் கொடுத்துவிடவேண்டியதுதான்; இராமபிரானே தடவிக்கொடுத்த முதுகு அது.

இவ்வளவுக்கும் அடிப்படை கதிர். அதுதான் இன்று அரிதாகி வருகிறது. அறுவடை இயந்திரம் வயலிலேயே கதிரையடித்து மணியைத் தனியே கொட்டிவிடுகிறது. வெளியே விழும் தாள் பின்னலுக்கு உதவாது. களத்து மேட்டில் சிந்திய நெல்லைப் பொறுக்கிய பறவைகளுக்கு அந்தக் களமும் இல்லை. ஆகவே குஞ்சம் பின்ன விரும்புவோர் இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முன்பே போய், ஒரு மூலையில் இரண்டு கை அளவு கதிரை அரிவாளால் அறுத்து எடுத்துவரவேண்டும். சொந்த நிலமில்லாதோர் தெரிந்த உழவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். இரண்டு கைக் கதிரை இல்லையென்று சொல்லும் உழவரைக் காண்பது அரிது. அரிவாள் பிடித்து அறுத்தும் தாளைப் பதம் பார்த்தும் பழகியவர்கள் இன்று பெரும்பாலும் வீட்டு முதியவர்களே. அவர்கள் இருக்கும்போதே பேரப்பிள்ளைகளின் விரல்களுக்கு இது போய்ச் சேரவில்லையெனில், புத்தகத்தைப் பார்த்து மீட்பது எளிதன்று.

புன்செய்ப் பகுதிகளில் தினைக்கதிரும் கம்பங்கதிரும் இதே பணியைச் செய்யும். நான்கைந்து கதிர்களைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டாலே போதும். சில்லைப் பறவைகளுக்குத் தினை மிகவும் உவப்பானது.

நகரத்து அடுக்ககங்களில் கதிருக்கு எங்கே போவது? அர்ச்சனைத் தேங்காயின் மூடிகள் எல்லா வீட்டிலும் உண்டு. துருவியெடுத்தபின் எஞ்சும் கொட்டாங்கச்சியின் விளிம்பில் மூன்று துளையிட்டு, தென்னங்கயிறு கோத்து, அடியில் நீர் வடிய ஒரு சிறு துளையும் இட்டால் உணவுக் கிண்ணம் ஆயிற்று. துளையிடும் வேலை பெரியவருடையது. நாரைத் தேய்த்து வழவழப்பாக்குவது குழந்தையுடையது. அதில் நொய்யோ கம்போ தினையோ இடலாம். அடித்துளையில்லாத மற்றொரு மூடியில் தண்ணீர் வைக்கலாம். இரண்டையும் இரண்டு நாளுக்கொரு முறை கழுவவேண்டும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த முறுக்கு, மிக்சர் முதலியவற்றைப் பறவைகளுக்கு இடுதல் அன்பாகாது.

கனுப்பொங்கலன்று விடியலில் மஞ்சள் இலை விரித்து, வெண்மையும் மஞ்சளும் சிவப்புமாகப் பிடி வைப்பதும் குழந்தைகள் கையால் செய்யத் தக்கதே. உடன்பிறந்தார் நலத்துக்காகப் பெண்கள் வைக்கும் அந்தப் பிடியைக் காக்கையும் குருவியும் உண்ணும் என்பதால், சிவப்புக்குச் சாயக் குங்குமத்தை விட்டுப் பீட்ரூட் சாற்றைச் சேர்க்கலாம்.

உணவு வைத்தவுடன் குருவி வந்துவிடும் என்று குழந்தைகளிடம் வாக்களிக்கக்கூடாது. சில நாட்கள் ஆகலாம். சில வாரங்களும் ஆகலாம். வராமலே போவதும் உண்டு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் கழுகுகளுக்கு அமுதிடுவதைக் கண்டு தொழுத மூத்தோர் இன்றும் பலர் உள்ளனர். முனிவர்களே அவ்வுருவில் வருவதாக ஐதீகம். பட்சி தீர்த்தம் என்றே பெயர் பெற்ற அத்தலத்தில், 1990-களின் இறுதிக்குப்பின் கழுகுகள் வருவது நின்றுபோயிற்று. அமுதிடும் கை இருந்தும் விருந்தினர் இல்லை. பறவைக்கு உணவு மட்டும் போதாது என்பதற்கு அடியார்கள் தம் கண்ணாலேயே கண்ட சாட்சி அது.

சிட்டுக்குருவியும் அப்படித்தான். வளர்ந்த குருவி நெல் தின்னும். ஆனால் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியுமே ஊட்டும். எனவே தோரணம் கட்டிய வீட்டுத் தோட்டத்தில், தொட்டிச் செடியில்கூட, பூச்சிமருந்து தெளிக்கலாகாது. ஓடும் சந்தும் இல்லாத புது வீடுகளில் கூடு கட்ட இடமில்லை; ஒரு பழைய மண்கலயத்தில் ஒன்றேகால் அங்குல வாயிட்டுத் தாழ்வாரத்தில் கட்டிவைத்தால் குருவிகள் சில சமயம் அதை ஏற்கும்.

மணியெல்லாம் தீர்ந்தபின் வெறும் பின்னல் எஞ்சும். அதை உடனே அவிழ்க்காமல் பங்குனி வரை விட்டுவைக்கலாம். கூடு கட்டும் குருவிகள் தாளைக் கிழித்து எடுத்துப் போகும். அவையும் விட்டது பசுவுக்கு. குறுவை நெல் விளையும் ஊர்களில் தீபாவளியை ஒட்டியும் புதுக்கதிர் கிடைக்கும். அதற்குள் பேரப்பிள்ளைகளின் அடுத்த விடுமுறையும் வந்துவிடும்.