எண் கணிதம் தருக்கத்துள் அடங்குமா?

இரண்டும் மூன்றும் ஐந்து என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால், கூழாங்கற்களை அடுக்கிக் காட்டுகிறோம். அக்கற்கள் நம் கண்முன் உள்ள ஐந்துக்குச் சான்றாகலாம். எங்கும் என்றும் அது ஐந்தே என்பதற்குச் சான்றாகா. அங்ஙனமாயின் கணக்கின் உறுதி எதன்மேல் நிற்கிறது?

ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பது சொற்பொருளை ஆராய்ந்த அளவில் கிடைப்பதன்று, மனக்காட்சியின் துணையும் அதற்கு வேண்டும் என்றார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட். யேனா பல்கலைக் கழகத்தில் கணிதம் கற்பித்த கோட்லோப் பிரேகே (1848-1925) இதனை மறுத்தார். எண் கணிதத்துக்குத் தருக்க விதிகளே போதும் என்பது அவர் கொள்கை. 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை அவர் விளக்கினார்.

ஒரு நிரையில் உள்ள ரப்பர் மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பால் கோப்பை இருக்கிறது; கோப்பை எதுவும் மிஞ்சவில்லை. மரங்களையும் கோப்பைகளையும் எண்ணாமலே இரண்டும் சமம் என்று கூறிவிடலாம் அன்றோ? ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவனவற்றின் எண்ணிக்கை சமம். இதுவே பிரேகே கண்ட அடிப்படை. தனக்குத் தானே சமமாகாத பொருள் உலகில் இல்லை. ஆகவே அத்தகைய பொருள்களின் எண்ணிக்கை 0. அந்தச் சுழியத்துக்குச் சமமான பொருள் ஒன்றே. அதன் எண்ணிக்கை 1. சுழியத்தையும் ஒன்றையும் சேர்த்தால் 2. இவ்வாறே எண்கள் யாவும் தோன்றும்.

இதனை முறைப்படி நிறுவும் நூலின் முதற் பாகம் 1893இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அச்சிலிருந்தபோது, 1902 ஜூன் 16இல் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் ஒரு கடிதம் எழுதினார். எந்தப் பண்பை எடுத்துக்கொண்டாலும் அதனை உடையவற்றுக்கு ஒரு தொகுதி உண்டு என்பதற்குப் பிரேகேயின் விதி இடமளித்தது. ஆசிரியர்களின் தொகுதி ஓர் ஆசிரியர் அன்று. ஆகவே அது தனக்குத் தான் உறுப்பன்று. இவ்வாறு தமக்குத் தாம் உறுப்பாகாத தொகுதிகளையெல்லாம் ஒரு தொகுதியாக்குவோம். அது தனக்கு உறுப்பா? ஆம் எனின், அன்று என்றாகிறது. அன்று எனின், ஆம் என்றாகிறது! அடிப்படை விதியிலேயே முரண்பாடு.

1903இல் வந்த இரண்டாம் பாகத்தின் பின்னுரையில் பிரேகே இதனை ஒளிக்காமல் வெளியிட்டார். அங்கு அவர் கூறிய திருத்தமும் நிலைக்கவில்லை. இறுதி ஆண்டுகளில் தம் கொள்கையையே கைவிட்டு, கணக்குக்கு வடிவ கணிதத்தில் அடிப்படை தேடினார். உண்மையிடத்து அவர் கொண்ட பற்றுக்கு நிகரானதைத் தாம் அறிந்ததில்லை என்று ரஸ்ஸல் 1962இல் எழுதினார்.

ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் 1910 முதல் 1913 வரை மூன்று பாகங்களில் இம்முயற்சியைத் தொடர்ந்தனர். தொகுதிகளைப் படிநிலைகளாகப் பிரித்து முரண்பாட்டைத் தவிர்த்தனர். ஆனால் உலகில் பொருள்கள் எண்ணிறந்தன என்று ஒரு கோளைத் தனியே சேர்க்க வேண்டியதாயிற்று. அது தருக்கம் சொல்லக்கூடிய செய்தியா என்ற ஐயம் எழுந்தது. 1931இல் குர்ட் கோடல் மற்றோர் எல்லையைக் காட்டினார். முரண்பாடற்ற விதிகளை எத்துணைத் திட்டமாக வகுத்தாலும், அவை எண் கணிதத்துக்குப் போதியனவாயின், அவற்றால் நிறுவ இயலாத எண் உண்மை ஒன்றேனும் எஞ்சும் என்பது அவர் முடிபு.

பிரேகேயின் உழைப்பு வீணாயிற்றா? இல்லை. பழுதான விதியை நீக்கி, ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் என்ற கோட்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டாலும், எண் கணிதத்தின் அடிப்படை விதிகளைத் தருக்க வழியே பெறலாம் என்று கிரிஸ்பின் ரைட் 1983இல் எடுத்துக் காட்டினார். அக்கோட்பாடே எண்கள் முடிவிலாதன என்ற செய்தியைத் தன்னுள் கொண்டிருப்பதால், அது தூய தருக்கந்தானா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பயன் உண்டு. ஒன்று, இரண்டு என்று வாய்ப்பாடமாகச் சொல்ல வல்ல பிள்ளை எண்ணை அறிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. பிள்ளைக்கொரு பலகை, பலகைக்கொரு குச்சி என்று பொருத்திப் பார்க்கவும், மிஞ்சியது எது, குறைந்தது எது என்று கூறவும் முதலாம் வகுப்பிலேயே பழக்குவோமாக. எண்ணின் பெயர்களை அதன்பின் கற்பிக்கலாம்.