எழுந்து நிற்க எத்தனை ஜூல்?

விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளம் போன்ற ஊர்களில் பட்டாசு வேலைக்குச் சென்ற பெண்களில் பலர் ஆண்டுக்கணக்கில் தரையில் அமர்ந்தே உழைத்தவர்கள். அறுபது வயதில் அவர்களுள் சிலர் சுவரைப் பிடித்துத்தான் எழுகின்றனர். "நாள் முழுக்க வேலை பார்த்தவளுக்கு இன்னும் என்ன உடற்பயிற்சி?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

இயற்பியல் இதற்கு விடை தருகிறது. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது அவருடைய ஈர்ப்பு மையம் 30 செ.மீ. உயர்வதாகக் கொள்வோம். செய்யப்படும் வேலை 50 × 9.8 × 0.3 = 147 ஜூல். பத்து முறை எழுந்தாலும் 1,470 ஜூல்தான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் ஆற்றலில் இது மிகச் சிறு பங்கு! ஆகவே பயன் ஆற்றலைச் செலவிடுவதில் இல்லை. முழங்கால் மடங்கிய நிலையில் உடல் எடையின் திருப்புத்திறனைத் தொடைத் தசைகள் தாங்கியாக வேண்டும், அதில்தான் பயன். சரம் பின்னும்போது கைகளுக்கு ஓய்வில்லை. தொடைக்கோ வேலையே இல்லை. மாதவிலக்கு நின்றபின் எலும்பும் விரைவாக அடர்த்தி குறைகிறது. வலுவிழந்த கால் தடுக்கினால் இடுப்பெலும்பு முறியக்கூடும்.

சரி, தொடங்கிய பயிற்சியை விடாமல் செய்வது எப்படி? நியூசிலாந்தின் டனீடின் நகரில் 80 வயதை எட்டிய 233 பெண்களிடம் நடந்த ஆய்வு 1997-இல் வெளியாயிற்று. அவர்களில் பாதிப்பேரின் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறை சென்று, அவரவர் வலிமைக்கேற்பப் பயிற்சி கற்றுத்தந்தார்; பின்னர் தொலைபேசியில் விசாரித்துவந்தார். அவர்கள் கீழே விழுவது குறைந்தது. இரண்டாண்டுகள் கழிந்தும், பயிற்சிக் குழுவில் எஞ்சியோருள் 44 விழுக்காட்டினர் வாரம் மூன்று முறையாவது செய்துவந்தனர். 'செய்தீர்களா?' என்று கேட்க ஒருவர் இருந்தது பெரிய காரணம் என்பது என் கருத்து.

பொள்ளாச்சிப் பக்கம் 1920-இல் பிறந்த நானம்மாள், தொண்ணூறு வயதைக் கடந்தும் கோவையில் யோகாசனம் கற்பித்தார்; 2018-இல் பத்மஸ்ரீ பெற்று, 2019-இல் காலமானார். மாணவர்கள் காத்திருக்கும்போது ஆசிரியை படுத்துறங்க முடியுமா? (இந்தச் சங்கடம் எங்களுக்கும் உண்டு!)

நம் ஊரில் தொலைபேசிகூட வேண்டாம். மாலையில் திண்ணையில் கூடும் நான்கு பேர், பேச்சைத் தொடங்குமுன் ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரலாம். இலேசான பிளாஸ்டிக் நாற்காலியானால் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். முதலில் கையூன்றி எழலாம்; கையின் உதவி குறையக் குறையத் தொடை தாங்கும் சுமை கூடும். யார் கையை எடுத்துவிட்டார் என்பது மற்ற மூவருக்கும் தெரியும். வராதவர் வீட்டுக் கதவை யாரேனும் தட்டுவார். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், கடும் மூட்டுவலி உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.