பரங்கிமலையில் நீட்டிய சங்கிலி

1802 ஏப்ரல் 10. பரங்கிமலையின் அடியில், நூறடி நீள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகள்மீது மட்டமாக ஏற்றி, பெரும்பாக்கத்தை நோக்கி அளக்கத் தொடங்கினார் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன். தூரம் ஏறத்தாழ ஏழரை மைல். சங்கிலியைக் கிட்டத்தட்ட நானூறு முறை தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதால் பெட்டிகளுக்குள் வெப்பமானிகளும் இருந்தன. சீனப் பேரரசருக்குக் காட்டுவதற்காக ஆங்கிலத் தூதுக்குழு கொண்டுபோய், அங்கே சீந்துவாரில்லாமல் கல்கத்தாவுக்குத் திரும்பிய சங்கிலி அது.

இந்த ஒரு கோட்டுக்கு ஏன் இத்தனை பாடு? ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளின் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. ஆறும் காடும் குறுக்கிட்டாலும் கவலையில்லை; மலைக்கு மலை பார்வை எட்டினால் போதும். ஆனால் முதல் கோட்டில் ஓரங்குலம் பிசகினால் அந்தப் பிசகு இமயம் வரை கூடவே வரும்.

லாம்டனின் ஆசை பூமியின் வடிவத்தை அறிவது. துருவத்தில் தட்டையான உருண்டை என்பது தெரிந்த செய்திதான். எவ்வளவு தட்டை என்பதற்கு வெப்பமண்டலத்தில் எடுத்த அளவு தேவைப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தேவை வேறு. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் அதன் ஆதிக்கத்தில். படை எந்த வழியில் போகலாம், எந்தக் கோட்டை எங்கே, எவ்வளவு வரி பிரிக்கலாம் என்பதெல்லாம் படம் இல்லாமல் முடியாது. வங்காளத்தில் ஜேம்ஸ் ரென்னல் 1760களிலேயே இந்த வேலையைத் தொடங்கியிருந்தார். லாம்டனின் அறிவியல் ஆர்வம் உண்மையானது. அவருக்குச் சம்பளம் தந்த கஜானாவின் கணக்கும் உண்மையானது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது நேர்மையாகாது என்றே நினைக்கிறேன்.

பலன் விரைவில் தெரிந்தது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று பழைய படங்கள் காட்டியிருந்தன. முக்கோணங்கள் 360 என்றன. நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது!

காவிரிப் படுகைதான் லாம்டனைத் திணறடித்தது. கண்ணுக்கெட்டிய வரை வயலும் தென்னந்தோப்பும். ஏறிப் பார்க்க ஒரு குன்று கிடையாது. ஆகவே கோயில் கோபுரங்களே மலைகளாயின. கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கற்சுவரில் மோதியது. மூன்றடி விட்டமுள்ள அளவு வட்டம் நெளிந்துபோயிற்று. லண்டனிலிருந்து இன்னொன்று வர மாதக்கணக்காகும். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆப்பும் திருகும் கொண்டு ஆறு வாரம் இழுத்து இழுத்து அந்த வட்டத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். ராஜராஜன் எழுப்பிய விமானம் அவ்விபத்துக்குச் சாட்சி. தஞ்சை போகும்போதெல்லாம் அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்து, கயிறு பிடித்தவர்களை நினைத்துக்கொள்வேன். அவர்கள் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

லாம்டன் 1823இல் ஹிங்கன்காட்டில், வேலைக்கு நடுவிலேயே இறந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். அவருடைய கருவிகளைச் செப்பனிட்டவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைன். கணக்குப் போட்டவர்களில் முதன்மையானவர் வங்காளி ராதாநாத் சிக்தார். படத்தில் பதினைந்தாம் எண்ணிட்டிருந்த இமயச் சிகரம் 29,002 அடி என்று 1856இல் அறிவிக்கப்பட்டபோது, வைக்கப்பட்ட பெயர் எவரெஸ்ட். அதற்குப் பதிமூன்று ஆண்டு முன்பே ஜார்ஜ் எவரெஸ்ட் ஊர் திரும்பியிருந்தார்.

இமயத்துக்கு அப்பால் தியோடலைட் போக முடியவில்லை. திபெத் ஐரோப்பியரை உள்ளே விடவில்லை. எனவே குமாவுன் மலைக்காரரான நைன் சிங் 1865இல் யாத்திரிகர் வேடத்தில் அனுப்பப்பட்டார். ஒவ்வோரடியும் ஒரே நீளம் இருக்கும்படி நடக்கப் பழகியிருந்தார். 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணி; நூறு காலடிக்கு ஒரு மணி நகரும். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் குறிப்புத் தாள். தண்ணீர் எந்த வெப்பத்தில் கொதிக்கிறது என்று பார்த்தே லாசாவின் உயரத்தைக் கணித்தார். பிடிபட்டால் உயிர் தப்பாது என்று தெரிந்தே நடந்தார்.

மைசூரில் போருக்குப் பின் வந்த அளவை, திபெத்தில் போருக்கு முன்னே போயிருந்தது. நைன் சிங் மணி உருட்டி எண்ணிய லாசாவுக்குள், 1904இல் யங்ஹஸ்பண்டின் தலைமையில் ஆங்கிலப் படை நுழைந்தது.