தலைவலிக்குக் காரணம் உங்கள் காராகவும் இருக்கலாம்

டயாலிசிஸ் சிகிச்சைக்காக வாரம் மூன்று முறை எங்கள் பிரிவுக்கு வரும் முதிய பெண்மணி ஒருவர், சில வாரங்களாக ஒரே குறையைக் கூறிவந்தார். ஒன்றரை மணி நேரம் காரில் பயணம் செய்து மருத்துவமனைக்கு வந்து சேரும்போதே தலை கனத்துவிடுகிறது, குமட்டுகிறது, சில நாள்களில் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. நான்கு மணி நேரச் சிகிச்சை முடிந்து எழும்போது தலைவலி பெரிதும் தணிந்திருக்கும். உடலில் தேங்கிய நீர் வெளியேறியதால் தணிகிறது என்று நாங்கள் எண்ணினோம். இரத்த அழுத்த மருந்தின் அளவை இருமுறை மாற்றினோம். அருந்தும் நீரைக் குறைக்கச் சொன்னோம். பயன் ஏற்படவில்லை.

ஒரு நாள் கார் வேறு வேலையாகச் சென்றிருந்தமையால் அவரை மகன் பேருந்தில் அழைத்து வந்தார். அன்று தலைவலி இல்லை. "இன்னைக்கு எனக்கும் தலை பாரமா இல்லீங்க டாக்டர்" என்று மகன் பேச்சுவாக்கில் கூறினார். அதுவரை அவருக்கும் தலை பாரம் இருந்தது எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்கவில்லை. அதிகாலையில் எழுந்து கார் ஓட்டுவதால் வரும் அலுப்பு என்று அவரும் சொல்லாமல் இருந்துவிட்டார்.

அடுத்த முறை இருவரும் காரில் வந்து இறங்கியவுடன் இரத்தம் எடுத்துச் சோதித்தோம். இருவர் இரத்தத்திலும் கார்பன் மோனாக்சைடு இயல்பைவிட மிகுதியாக இருந்தது. இருபது ஆண்டுகளைக் கடந்த அந்தப் பெட்ரோல் காரின் புகைக்குழாய் கசிந்துகொண்டிருந்தது.

நோயாளிகளைப் பழைய கார்களில் அழைத்து வரும் குடும்பங்கள் பல. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

இரத்தத்தில் நிகழ்வது என்ன?

பெட்ரோல் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. புகை நாற்றம் வந்தால் எச்சரிக்கை அடையலாம்; நாற்றம் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இவ்வாயு பற்றிக்கொள்கிறது. எனவே காற்றில் சிறிதளவே கலந்திருந்தாலும் இரத்தத்தில் மெல்ல மெல்லச் சேர்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தளர்ச்சி ஆகியவை தொடக்க அறிகுறிகள். அளவு மிகுந்தால் குழப்பம், மயக்கம், இறப்பு வரை செல்லும். கடுமையாகப் பாதிக்கப்பட்டுத் தேறியவர்களிலும் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து நினைவாற்றல் குறைவு தோன்றுவதுண்டு.

சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தசோகை இயல்பாகவே உண்டு. அவர்களிடம் உள்ள ஹீமோகுளோபினே குறைவு. அதிலும் ஒரு பங்கை இவ்வாயு பிடித்துக்கொண்டால் பாதிப்பு விரைவில் தெரியும். இதய நோயாளிகள், கருவுற்ற பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கும் இதே கவனம் தேவை.

தூய காற்றைச் சுவாசிக்கும்போது இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம் ஆகும். எங்கள் நோயாளிக்கு டயாலிசிஸ் முடிவில் தலைவலி தணிந்ததன் காரணம் இப்போது விளங்கும். காரை விட்டிறங்கி நான்கு மணி நேரம் தூய காற்றில் படுத்திருந்ததன் பலனை எங்கள் சிகிச்சையின் பலனாகக் கருதிவிட்டோம்.

விரல்நுனியில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் இங்கே உதவாது. கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பற்றியதாகவே அது கணக்கிடும். அப்பெண்மணிக்கு அது 98 என்றே காட்டியது.

இரண்டு ஓட்டைகள்

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வழியாக முன்குழாய்க்கும், அங்கிருந்து சைலன்சருக்கும், இறுதியாகக் காரின் பின்முனைக்கும் செல்கிறது. இவ்வழியில் எங்கேனும் ஓட்டை விழுந்தால் புகை காரின் அடியிலேயே வெளியேறும். அது உள்ளே வர மற்றோர் ஓட்டையும் வேண்டும்: துருப்பிடித்த தரைத்தகடு, எஞ்சின் அறையிலிருந்து கம்பிகள் உள்ளே வரும் துளையில் கழன்றுபோன ரப்பர், டிக்கிக் கதவின் தேய்ந்த ரப்பர் விளிம்பு ஆகியவை அத்தகைய வழிகள். பழைய கார்களில் இவ்விரண்டும் சேர்ந்தே அமைந்துவிடுகின்றன.

இந்தியாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 1995 ஏப்ரலில், நான்கு பெருநகரங்களில் மட்டுமே முதலில் கட்டாயமாக்கப்பட்டது. அக்கருவி இல்லாத, அல்லது செயலிழந்த பழைய காரின் புகையில் இவ்வாயு மிகுதி. பழைய பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை விதி அனுமதிக்கும் அளவே 3 விழுக்காடு. அதாவது பத்து லட்சம் பங்கில் 30,000 பங்கு. பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் சுவாசிக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்த அளவோ ஏறத்தாழ 90 பங்கு. மேலும், புகைச் சோதனை குழாயின் பின்முனையில் நடக்கிறது. நடுவழியில் உள்ள கசிவை அது காட்டாது. சான்றிதழ் இருப்பதால் கசிவு இல்லை என்று கருத வேண்டாம்.

கசிவைக் கண்டறிவது எப்படி?

காரின் ஓசை வழக்கத்தைவிடக் கூடியிருப்பதே முதல் அறிகுறி. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால், முன்பக்கத்தில் 'டிக், டிக்' என்ற ஒலி சீராகக் கேட்கும். எஞ்சின் சூடேறியதும் உலோகம் விரிந்து இடுக்கு சுருங்குவதால் அவ்வொலி குறையும். சூடான நிலையில் பட்டறைக்குக் கொண்டுசென்றால் கசிவு தென்படாமல் போவதுண்டு. ஆதலால் முந்தைய இரவே காரைப் பட்டறையில் விட்டு, காலையில் முதன்முறை கிளப்பும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

கசியும் இணைப்பைச் சுற்றிக் கரிப்படிவு காணப்படும். குளிர்ந்த எஞ்சினைத் திறந்தவெளியில் கிளப்பியவுடன் இணைப்புகளின்மீது சோப்பு நீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி எழும். உதவியாளர் ஒருவர் பின்முனையைத் தடித்த துணியால் சில நொடிகள் மட்டும் அடைத்துப் பிடித்தால், கசிவின் சீற்றம் தெளிவாகக் கேட்கும். இவற்றை மெக்கானிக்கிடமே விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் எவரும் படுக்கக் கூடாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டவும் கூடாது.

சீர்செய்வது எப்படி?

கேஸ்கெட் எரிந்து போயிருந்தால் புதியதை இட வேண்டும். கழற்றிய பழைய கேஸ்கெட்டை மீண்டும் பொருத்துவது வீண். மேனிஃபோல்டின் முகப்பு வளைந்திருந்தால் லேத் பட்டறையில் சமன் செய்த பின்னரே பொருத்த வேண்டும். இல்லையேல் புதிய கேஸ்கெட்டும் விரைவில் எரியும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் இருந்தால் வெல்டிங் பெரும்பாலும் நிலைக்காது, மாற்றுவதே நன்று.

குழாயில் துருவால் சிறு ஓட்டை விழுந்திருந்து, சுற்றியுள்ள தகடு உறுதியாக இருந்தால் வெல்டிங் செய்யலாம். தகடே மெலிந்துவிட்டிருந்தால் அப்பகுதியை மாற்ற வேண்டும். பசை பூசுவதும் தகரத்தைச் சுற்றிக் கட்டுவதும் பட்டறை சேரும்வரைக்கான ஏற்பாடு மட்டுமே. குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று அறுந்தாலும் குழாயின் எடை இணைப்பின்மீது விழுந்து, சீர்செய்த இடமே மீண்டும் விரியும்.

இத்துடன் பணி முடியவில்லை. இரண்டாவது ஓட்டையையும் அடைக்க வேண்டும். எங்கள் நோயாளியின் காரில், மேனிஃபோல்டும் முன்குழாயும் சேரும் இடத்தில் கேஸ்கெட் எரிந்திருந்தது. ஆக்சிலேட்டர் கம்பி உள்ளே வரும் துளையின் ரப்பரும் இல்லை. இரண்டையும் மாற்றியபின், மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மீண்டும் சோதித்தார்கள்.

உடனே செய்ய வேண்டியவை

பயணத்தில் தலைவலியோ குமட்டலோ தோன்றி, உடன் வருபவருக்கும் அது இருந்தால், காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு அனைவரும் இறங்கித் திறந்தவெளிக்கு வாருங்கள். எவரேனும் குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ நெஞ்சுவலி என்றாலோ 108-ஐ அழையுங்கள். "காரில் வரும்போது ஏற்பட்டது" என்று சொல்ல மறவாதீர்கள். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் இவ்வாயு பாதியாகக் குறையும் நேரம் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணியாகச் சுருங்கும். கசிவைச் சீர்செய்யும்வரை அக்காரில் நோயாளியை ஏற்ற வேண்டாம்.

உடன் வருவோருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி உள்ளே சிகிச்சை பெறும் நான்கு மணி நேரமும் வாகன நிறுத்தத்தில் கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி. போட்டுக் காரிலேயே உறங்குவோரை நாங்கள் பார்க்கிறோம். ஓடும் காரின் அடியில் உள்ள புகையைக் காற்று ஓரளவேனும் அடித்துச் செல்லும். நிற்கும் காரில் அது அங்கேயே தேங்கும். கீழ்த்தள நிறுத்தத்தில் ஆபத்து இன்னும் மிகுதி. உறங்குபவருக்குத் தலைவலி எச்சரிக்கையாக வராது. தயவுசெய்து எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்போர் கூடத்துக்கு வாருங்கள்.

அப்பெண்மணிக்குக் காரைச் சீர்செய்தபின் தலைவலி வரவில்லை. நாங்கள் கூட்டிய மருந்தைப் பழைய அளவுக்கே குறைத்தோம். இப்போது எங்கள் பிரிவில் தலைவலி என்று எவர் கூறினாலும், செவிலியர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறார்கள்: "எதில் வந்தீர்கள்? உங்களுடன் வந்தவருக்கும் இருக்கிறதா?" அவர்கள் கேட்க மறந்தாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.